தின்றது போக மிச்சம்

பயணத்தை ஏற்பாடு செய்பவர் அனுப்பிய மின்னஞ்சலில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, எடுத்து வரவேண்டியவை: தொப்பி, வழுக்காத செருப்பு, குமட்டலுக்கு மாத்திரை. இன்னொன்று, வருவதற்கு முன் படிக்க வேண்டியவை. அதில் முதல் பெயர் எதிர்பார்த்ததுதான், டார்வின். அடுத்தது டார்வினைப் பற்றிய ஒரு புத்தகம். மூன்றாவது டார்வினின் குருவிகளைப் பற்றியது.

நான் எந்த மென்பொருளை நிறுவுவதற்கு முன்பும் அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள். அலுவலகத்தில் இதற்காகக் கிண்டல் செய்வார்கள். மூன்று வருடச் சேமிப்பைப் போட்டு கலாபகஸுக்குப் போகிறோம், எட்டு நாள்தான், ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று நான்கு மாதங்களாக இரவு பத்து மணிக்கு மேல் இதையே படித்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருந்ததை முடித்துவிட்டு, அவற்றின் அடிக்குறிப்புகளில் இருந்தவற்றுக்குப் போனேன். பரிணாமக் கொள்கையின் பிறப்பிடத்தைத் தேடித்தான் போனேன். கிடைத்தது ஒரு மளிகைக் கடையின் கணக்கு.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

1535-இல் பனாமாவின் பிஷப் தொமாஸ் தே பெர்லாங்கா பெருவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் காற்று விழுந்துவிட்டது. ஆறு நாள் நீரோட்டம் இழுத்த இழுப்பில் போய், மார்ச் 10 அன்று யாரும் கேள்விப்படாத தீவுகளின் முன்னால் நின்றது கப்பல். குடிக்கத் தண்ணீர் தீர்ந்திருந்தது. இறங்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை. சப்பாத்திக்கள்ளியின் மடல்களை மென்று சாறு பிழிந்து குடித்தார்கள். ஒருவழியாகத் தண்ணீர் கிடைப்பதற்குள் இரண்டு மனிதர்களும் பத்துக் குதிரைகளும் செத்துப்போயின. பிறகு அவர் ஸ்பெயின் அரசருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. கடவுள் ஏதோ ஒரு சமயம் இங்கே கல்மழை பெய்ய வைத்ததுபோல இருக்கிறது என்கிறார். பறவைகளுக்கு ஓடத் தெரியவில்லை, கையாலேயே பிடிக்கலாம் என்கிறார்.

கல்லும், பயமில்லாத பிராணிகளும். அடுத்த முந்நூறு வருடக் கதைக்கு இந்த இரண்டு போதும்.

ஏன் தண்ணீர் இல்லை? கலாபகஸ் தீவுகள் ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, கடலடியில் ஒரு வெப்பப் புள்ளியின் மேல் எழும்பிய எரிமலைகள். அந்தப் புள்ளி அங்கேயே இருக்க, மேலே நாஸ்கா தட்டு கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே மேற்கில் இருக்கும் ஃபெர்னாண்டினா இன்னும் குமுறுகிற இளசு, தென்கிழக்கில் இருக்கும் எஸ்பன்யோலா தேய்ந்துபோன கிழம். எரிமலைப் பாறை சல்லடை மாதிரி. பெய்கிற மழையும் உள்ளே போய்விடும். குளிர்ந்த நீரோட்டம் சுற்றி ஓடுவதால் கரையோரத்தில் மழையே குறைவு. உயரமான இடங்களில் மட்டும் மாதக்கணக்கில் பனித்தூறல் விழும், அங்கேதான் பச்சை. கண்டத்தோடு ஒருபோதும் ஒட்டியிராத நிலம் என்பதால் நீந்தியோ, மிதந்தோ, பறந்தோ வந்தவைதான் இங்கே பிழைத்தன. பெரிய கொன்றுதின்னி மிருகம் எதுவும் மிதந்து வரவில்லை. ஓடவேண்டிய அவசியமே இல்லாமல் லட்சக்கணக்கான வருடங்கள் வாழ்ந்த பிராணிகள் இவை.

கடற்கொள்ளையர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்துவிட்டு ஒளிந்துகொள்ள வசதியான இடம். அவர்களில் ஆம்புரோஸ் கௌலி 1684-இல் வரைபடம் போட்டு, தீவுகளுக்கு இங்கிலாந்து அரசர்கள், பிரபுக்களின் பெயரையெல்லாம் சூட்டினார். வில்லியம் டாம்பியர் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. இதெல்லாம் சுவாரசியம்தான், ஆனால் கொள்ளையர்கள் கொஞ்சம் பேர், கொஞ்ச காலம். நிஜமான வாடிக்கையாளர்கள் அதற்கப்புறம் வந்தார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் முடிவில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பசிபிக்குக்குள் நுழைந்தன. லண்டன், வெளிச்சத்துக்கும் இயந்திரங்களுக்கும் எண்ணெய் கேட்டது. நியூ இங்கிலாந்தின் துறைமுகங்களிலிருந்து கிளம்பிய கப்பல் திரும்பிவர இரண்டு, மூன்று வருடங்கள் ஆகும். அத்தனை காலமும் உப்புக்கண்டமும் புழு வைத்த ரொட்டியும்தான் சாப்பாடு. அப்படிப்பட்டவனுக்கு முன்னால் ராட்சத ஆமையை வைத்துப் பாருங்கள். ஓடாது. கடிக்காது. கப்பலின் அடிக்கிடங்கில் போட்டால் தீனி, தண்ணீர் எதுவும் இல்லாமல் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும். உடம்பில் கொழுப்பும் நீரும் சேமித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் செலவழிக்கும் பிராணி. ஃபிரிட்ஜ் இல்லாத உலகத்தில் தானே தன்னைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் கறி! வறண்ட தீவில் பிழைப்பதற்காகப் பெற்ற திறமைதான் அதைச் சாகடித்தது.

சார்லஸ் டவுன்ஸெண்ட் என்று ஒருவர். நியூயார்க் மீன்காட்சியகத்தின் இயக்குநர். 1920-களில் அவர் ஒரு காரியம் செய்தார். பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளை உட்கார்ந்து படித்தார், ஆமைகள் ஏற்றப்பட்ட விவரங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார். மாலுமிகளுக்கு எழுத்துப்பிழை சகஜம், ஆமையை 'டர்ப்பின்' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். எழுபத்துச் சொச்சம் கப்பல்கள், 1831-லிருந்து 1868 வரை. அவற்றில் மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள். அப்போது பசிபிக்கில் ஓடிய கப்பல்களோ நூற்றுக்கணக்கில். மொத்தமாக ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆமைகள் போயிருக்கலாம் என்று இப்போது மதிப்பிடுகிறார்கள். டவுன்ஸெண்ட் கவனித்த இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாலுமிகளால் பெரிய கிடாக்களைத் தூக்கிவர முடியாது, அவை மேட்டு நிலத்தில் இருக்கும். சுமக்கத் தோதான சின்ன ஆமைகள்தான் கரைக்கு வந்தன. சின்னவை பெரும்பாலும் பெண். முட்டையிடத் தாழ்நிலத்துக்கு இறங்கிவருபவையும் அவைதான். சுமை தூக்குகிற வசதிக்காக ஒவ்வொரு தீவிலும் தாய்களைத் தேர்ந்தெடுத்துக் காலி செய்திருக்கிறார்கள், அப்படிச் செய்கிறோம் என்றே தெரியாமல்.

அழிவு எப்போதும் பசியினால் வந்ததுமில்லை. 1820-இல் எஸ்ஸெக்ஸ் என்ற கப்பல் ஃப்ளோரியானா தீவில் ஆமை ஏற்ற நின்றது. தாமஸ் சாப்பெல் என்ற மாலுமி விளையாட்டுக்காகப் புதரில் தீ வைத்தான். கோடைக்காலம், தீவே பற்றிக்கொண்டது. ஓடித்தான் கப்பலுக்குத் திரும்பினார்கள். அடுத்த நாள் கடலில் போகும்போதும் அடிவானத்தில் தீ தெரிந்ததாம். அதே கப்பலை அடுத்த மாதம் ஒரு திமிங்கிலம் முட்டி மூழ்கடித்தது, தப்பிய படகுகளில் மாலுமிகள் செத்தவர்களைத் தின்று பிழைத்தார்கள், ஹெர்மன் மெல்வில் பின்னால் நாவலுக்கு எடுத்துக்கொண்டது அந்தக் கதையைத்தான். உலகத்துக்குத் திமிங்கிலம் ஞாபகம் இருக்கிறது. தீ ஞாபகம் இல்லை. கப்பலில் பொடிப்பையனாக இருந்த தாமஸ் நிக்கர்சன் பல வருடம் கழித்து அங்கே திரும்பப் போனார். எரிந்த இடம் அப்போதும் கறுப்பாகவே கிடந்ததாக எழுதியிருக்கிறார்.

அதற்குப் பதினைந்து வருடம் கழித்து, 1835 செப்டம்பரில், இருபத்தாறு வயது டார்வின் வந்து இறங்குகிறார். அதற்குள் ஈக்வடார் தீவுகளைத் தனது என்று அறிவித்து (1832 பிப்ரவரி 12, தற்செயலாக டார்வினின் பிறந்தநாள்), ஃப்ளோரியானாவில் ஒரு குடியிருப்பையும் போட்டிருந்தது. பெரும்பாலும் அரசியல் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டவர்கள், இருநூறு முந்நூறு பேர். அவர்களுக்கு இறைச்சி என்றால் ஆமைதான். இரண்டு நாள் வேட்டையாடினால் வாரத்தின் மிச்ச நாட்களுக்குப் போதும், ஆனால் முன்பைவிட எண்ணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது என்று டார்வினே எழுதுகிறார். முன்பெல்லாம் ஒரே கப்பல் எழுநூறு வரை ஏற்றிப்போனதாகச் சொல்லக் கேட்டதையும் எழுதுகிறார். எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லப்பட்ட டார்வின், குருவிகளின் அலகைப் பார்த்த கணத்தில் பரிணாமத்தைப் பிடித்துவிட்டவர். அவருடைய பயண நூலில் இருக்கிற டார்வின் எனக்கு அவரைவிட நூறு மடங்கு பிடித்த ஆள். கடல் இகுவானாவைத் தூக்கித் திரும்பத் திரும்பத் தண்ணீரில் எறிகிறார், அது திரும்பத் திரும்ப அவர் நிற்கும் இடத்துக்கே வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார். கிளையில் உட்கார்ந்திருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிடுகிறார். ஆமை மேல் ஏறி உட்கார்ந்து, பின்பக்க ஓட்டைத் தட்டி நடக்கவிட்டு, நிலைகொள்ள முடியாமல் தடுமாறுகிறார். அதன் வேகத்தையும் அளக்கிறார், பத்து நிமிடத்துக்கு அறுபது கஜம். ஆமையின் மூத்திரப்பையில் இருக்கும் நீரைக் குடித்துப் பார்த்து, லேசான கசப்புதான் என்கிறார். சாண்டியாகோ தீவின் மேட்டில் தங்கிய நாட்களில் சாப்பிட்டது முழுக்க ஆமைக்கறி. குட்டி ஆமை சூப்புக்கு அருமை என்று சான்றிதழ் வேறு.

ஃப்ளோரியானாவில் பொறுப்பிலிருந்த நிக்கோலஸ் லாசன் என்ற துணை ஆளுநர் பேச்சுவாக்கில் அவரிடம் ஒன்று சொன்னார்: ஓட்டைப் பார்த்தே இது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடுவேன். இந்த வாக்கியம் அறிவியல் வரலாற்றையே திருப்பியிருக்க வேண்டியது. டார்வின் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிற தீவுகளில் வேறு வேறு உயிரினம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை, அதற்குள் இரண்டு தீவுகளின் சேகரிப்பைக் கலந்துவிட்டேன் என்று பிற்பாடு ஒப்புக்கொள்கிறார். குருவிகளுக்கு எந்தத் தீவு என்று சீட்டு எழுதவில்லை. லண்டன் திரும்பி, 1837 ஜனவரியில் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் பார்த்து, நீங்கள் வெவ்வேறு குடும்பம் என்று நினைத்த இவையெல்லாம் ஒரே கூட்டம் என்று சொன்ன பிறகுதான் பதறி, எது எங்கே சுட்டது என்று தேடினார். சீட்டு எழுதியிருந்தவர்கள் கேப்டன் ஃபிட்ஸ்ராயும் டார்வினின் பணியாள் சிம்ஸ் கோவிங்டனும்.

எனக்கு இதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எந்த மாற்றத்தை எதற்காகச் செய்தேன் என்று ஒரு வரி குறிப்புகூட எழுதாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை உள்ளே தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து முழித்தவன் நான். ஆள் நம்ம ஆள்.

ஆமைகள் விஷயத்தில் அந்தக் கோடை மீட்கவும் வழியில்லை. பீகிள் கப்பல் சான் கிறிஸ்டோபலிலிருந்து முப்பது பெரிய ஆமைகளை ஏற்றிக்கொண்டது. டாஹிட்டி நோக்கிப் போகிற வழியில் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு, ஓடுகளைக் கடலில் எறிந்தார்கள். தீவுக்குத் தீவு வித்தியாசம் என்ற வாதத்துக்குப் பறவைகளைவிடப் பெரிய சாட்சி அந்த ஓடுகள்தான். டார்வினிடம் மிஞ்சியது குட்டி ஆமை. அந்த வயதில் எல்லாத் தீவு ஆமையும் ஒரே மாதிரி இருக்கும்.

அவர் ஒழுங்காகச் சீட்டு எழுதிய ஒரே பறவை மாக்கிங்பேர்ட். இரண்டாவது தீவுக்குப் போனதுமே இது முதல் தீவில் பார்த்ததுபோல இல்லையே என்று பட்டுவிட்டது, அதிலிருந்து தீவுவாரியாகப் பிரித்து வைத்தார். ஊர் திரும்புகிற கப்பலில், உயிரினங்கள் மாறாதவை என்ற நம்பிக்கையின் மேல் அவருக்கு முதல் சந்தேகம் எழுந்தது இந்தப் பறவையையும் லாசன் சொன்ன ஆமையையும் நினைத்துத்தான். 'டார்வின் ஃபிஞ்ச்' என்ற பெயரே 1936-இல் வந்தது.

ஃப்ளோரியானா ஆமை டார்வின் வந்துபோன இருபது வருடத்துக்குள் இல்லாமல் போனது. ஆமையைத் தின்று முடித்தவர்கள் விட்டுப்போன ஆடு, பன்றி, எலி, பூனை எல்லாம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1880-களுக்குள் ஃப்ளோரியானா மாக்கிங்பேர்டும் அந்தத் தீவில் கிடையாது. பக்கத்தில் சாம்பியன், கார்ட்னர் என்று இரண்டு குட்டித் திட்டுகள் உண்டு, அவற்றில் மட்டும் தொத்திக்கொண்டது.

1929-இல் ஃப்ளோரியானாவில் குடியேறிய ஜெர்மானிய டாக்டர், தன்னைப் பேரரசி என்று சொல்லிக்கொண்ட சீமாட்டி, அவள் காணாமல் போனது என்று ஒரு மர்மக் கதை உண்டு. படமெல்லாம் எடுத்திருக்கிறார்கள். என் நான்கு மாதத்தில் ஒரு வாரத்தை அது தின்றது. அதைவிட இசபெலா தீவில் 1946-லிருந்து 1959 வரை இருந்த கைதி முகாமைப் பற்றிப் படிக்கலாம். எதற்கும் பயன்படாத ஒரு கல்சுவரைக் கைதிகளைக் கொண்டு கட்டவைத்தார்கள், கண்ணீர்ச் சுவர் என்று பெயர். கல்மழை பெய்த ஊரில் மனிதனுக்கு மனிதன் கொடுத்த தண்டனை, கல்லைத் தூக்கு.

அறிவியலும் தன் பங்கைச் சாப்பிட்டது. 1905-இல் கலிஃபோர்னியா அறிவியல் அகாடமி ரோலோ பெக் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. எல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது, அதற்குள் சேகரித்துவிட வேண்டும் என்பது திட்டம். அதற்காக 264 ஆமைகளைக் கொன்று தோலுரித்தார்கள். ஃபெர்னாண்டினாவில் அதுவரை யாரும் பார்த்திராத ஆமை ஒன்றே ஒன்று கிடைத்தது, அதையும்தான். அவர்கள் தீவில் இருந்தபோது, 1906 ஏப்ரலில், சான்ஃபிரான்சிஸ்கோவில் பூகம்பம். அகாடமியின் அருங்காட்சியகம் எரிந்து சாம்பலானது. ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பிய கப்பலில் இருந்ததுதான் புதிய அருங்காட்சியகத்துக்கு அஸ்திவாரம். ஃபெர்னாண்டினாவில் 2019-இல் ஒரு கிழட்டுப் பெண் ஆமை உயிரோடு கண்டெடுக்கப்பட்டபோது, அது அதே இனம்தானா என்று ஒப்பிட்டுச் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே மாதிரி, பெக் தோலுரித்த அந்த ஆமை. ஒப்பிட்டார்கள். அதே இனம்தான். பெக்கைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பின்ட்டா தீவின் கடைசி ஆமையான லோன்சம் ஜார்ஜ் 2012 ஜூன் 24 அன்று செத்துப்போனதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதே வருடம் வந்த இன்னொரு செய்தி அந்த அளவு பரவவில்லை. இசபெலாவின் வடகோடியில் வுல்ஃப் என்ற எரிமலை, 1,707 மீட்டர், தீவுக்கூட்டத்திலேயே உயரமானது. அதன் சரிவுகளில் இருக்கிற ஆமைகளில் சில அங்கே இருக்கவேண்டிய வடிவத்தில் இல்லை. குவிமாடம்போல இருக்கவேண்டிய ஓடு, சேணம்போல முன்பக்கம் தூக்கியிருந்தது. யேல் பல்கலைக்கழகக் குழு 2008-இல் 1,600-க்கும் மேற்பட்ட ஆமைகளின் ரத்தத்தை எடுத்து, அருங்காட்சியகங்களில் இருந்த பழைய எலும்புகளின் மரபணுவோடு ஒப்பிட்டது. எண்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குத் தாயோ தகப்பனோ ஃப்ளோரியானா இனம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அழிந்த இனம், கடல் தாண்டி இன்னொரு தீவில்!

எப்படிப் போயிற்று? ஆமை தானாக நீந்திப் போகவில்லை. வுல்ஃபின் அடிவாரத்தில் இருக்கும் பாங்க்ஸ் விரிகுடா திமிங்கில வேட்டைக்காரர்கள் கூடுகிற இடம். திமிங்கில எண்ணெய் நிறைந்துவிட்டால் கிடங்கில் இடம் வேண்டும். சண்டை வந்தால் தளத்தைக் காலி செய்ய வேண்டும். முதலில் போவது ஆமை. 1813-இல் டேவிட் போர்ட்டர் என்ற அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் இந்தத் தீவுகளைச் சுற்றி பிரிட்டிஷ் வேட்டைக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கப்பல்காரர்கள் சண்டைக்குத் தயாராகும் அவசரத்தில் கடலில் வீசிய ஆமைகள், சில நாள் கழித்து ஒரு விடிகாலையில் ஐம்பது போல, தன் கப்பலைச் சுற்றி மிதந்துகொண்டிருந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆமை மூழ்காது. அப்படி எறியப்பட்டவற்றில் சில கரையேறியிருக்கின்றன. அங்கிருந்த ஆமைகளோடு கூடியிருக்கின்றன.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். டார்வின் அதை எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். சட்டமும் அறிவியலும் வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆமையைக் காப்பாற்றியது, இடத்தை அடைக்கிறது என்று அதைத் தூக்கிக் கடலில் போட்ட யாரோ ஒரு மாலுமி. அவனுக்கு அது தெரியாது. நாட்குறிப்பில் ஏற்றிய கணக்கைத்தான் எழுதினார்கள், எறிந்த கணக்கை எழுதியவர்கள் குறைவு.

2015-இல் வுல்ஃபிலிருந்து 32 ஆமைகளை ஹெலிகாப்டரில் வலைகட்டித் தூக்கி வந்தார்கள். அவற்றில் ஃப்ளோரியானா ரத்தம் உள்ளவற்றை வைத்து 2017-இல் சாண்டா குரூஸ் தீவில் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது. இவை கலப்பினம், டார்வின் வந்தபோது ஃப்ளோரியானாவில் நடந்த அதே ஆமை இல்லை. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கள்ளியைத் தின்று, விதையைச் சுமந்து, புதரை மிதித்து வழி போடுகிற பெரிய மிருகம் அந்தத் தீவுக்கு வேண்டும். அது தூய ரத்தமா என்று கள்ளி கேட்காது.

மாக்கிங்பேர்டையும் திரும்பக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். இரண்டு திட்டுகளிலும் மிஞ்சியிருப்பவற்றில் எதைக் கொண்டுவருவது, அசலுக்கு எது நெருக்கம் என்று ஒரு கேள்வி. பதில் அருங்காட்சியக அலமாரியில் இருந்தது. 1835-இல் ஃப்ளோரியானாவில் டார்வினும் ஃபிட்ஸ்ராயும் சுட்ட பறவைகளிலிருந்து சிறு துணுக்கு எடுத்து மரபணுவைப் படித்தார்கள். சீட்டு இருந்ததால் முடிந்தது.

எங்கள் பயணத் திட்டத்தில் நான்காம் நாள் ஃப்ளோரியானா. அங்கே கரையில் ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது. வேட்டைக் கப்பல்கள் அதில் கடிதம் போட்டுவிட்டுப் போகும், ஊர் திரும்புகிற கப்பல் எடுத்துப்போகும். இப்போதும் பயணிகள் அதில் அஞ்சலட்டை போடுகிறார்கள், தங்கள் ஊர்ப்பக்கத்து முகவரி இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் நேரில் கொடுக்க வேண்டும். ஆறாம் நாள் இசபெலாவின் வடக்கே கப்பல் திரும்பும். வுல்ஃபில் இறங்க முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். முடியாது, வானம் தெளிவாக இருந்தால் தளத்திலிருந்து பார்க்கலாம் என்றார். எந்த நேரத்துக்கு என்று கேட்டேன். விடிகாலை ஐந்தரை, அப்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் சார் என்றார். எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.